முப்பது-முப்பதா, முந்நூற்று எட்டா

மான் சுடப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் மனைவி சட்டி கழுவுவதை நிறுத்தவில்லை. “முதல்ல குசினிக்குள்ள ஓடித்திரியிற எலியைப் பிடியுங்கோ, பேந்து மானைப் பாப்பம்” என்றாள். அடுத்த கிழமை துவக்கு அனுமதிப் பத்திரத்துக்கான விண்ணப்பத்தை அவள் முன்னால் வைத்தேன். அதில் மனைவியின் கையெழுத்தும் வேண்டும். கையைத் துடைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வைத்துத் தந்தாள். எனக்கு விசர் முற்றிவிட்டது என்பது அவள் எண்ணம். ஒரு மாதத்தில் தெளிந்துவிடும் என்றும் நினைத்திருப்பாள்.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. மொன்றியலுக்கு வந்து பதினைந்து வருடமாகியிருந்தது. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் மூன்றாம் மாடியில் வீடு, கடதாசிப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. இலையுதிர் காலம் வந்தால் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் மான் கதையைத் தவிர வேறு கதை கிடையாது. யார் எத்தனை கிளைக் கொம்பனைச் சுட்டது, யாருடைய துவக்கு பனியில் இறுகியது, யார் மரத்தில் ஏறியிருந்து நித்திரையாகி விழுந்தது. நான் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மூலையில் இருந்து கேட்பேன். அவர்கள் பேசும் பிரெஞ்சு எனக்கு நன்றாகவே விளங்கும். ஆனால் திருப்பிச் சொல்ல என்னிடம் ஒரு மான் இல்லை. பதினைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று சொன்னால் இப்போது சிரிப்பார்கள்.

என்னோடு ஒரே மெஷினில் நின்றவர் ஒரு கியூபெக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அதிகம் பேசாத மனிதர். ஒரு நாள் தானாகவே, “இந்த வருடம் நீயும் வா. வடக்கே அண்ணனின் காட்டு வீடு இருக்கிறது. துவக்கு மட்டும் கொண்டு வா” என்றார். லீவர் துவக்காக வாங்கச் சொன்னார். விசைக்குக் கீழே கை நுழைகிற வளையம் ஒன்று இருக்கும். அதைத் தள்ளி இழுத்தால் சுட்ட கோது வெளியே விழும், புது ரவை உள்ளே ஏறும். அவருடைய தகப்பன் பாவித்ததும் அதுதானாம். ரவையின் அளவையும் அவரே சொன்னார். “கலிபர் முப்பது-முப்பது. வேறொன்றையும் யோசிக்காதே” என்றார்.

யோசிக்காதே என்று சொன்னால் அன்றுதான் யோசிக்கத் தொடங்குவேன். அது என் பிறவிக் குணம். கடைகளின் விளம்பரப் புத்தகங்களை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து மெட்ரோவில் படித்தேன். முப்பது-முப்பது பழைய ரவை, நூறு மீட்டருக்கு உள்ளே மானுக்குப் போதும், தோளில் அதிகம் உதைக்காது. நாற்பத்தைந்து-எழுபது என்று ஒன்று இருந்தது, பெருவிரல் தடிப்பு, கரடிக்கு வாங்குவது. இரண்டுக்கும் இடையில் முந்நூற்று எட்டு. அது தூரம் போகும், நேராகப் போகும், அடி பலம். லீவர் துவக்கில் முந்நூற்று எட்டு வைத்திருப்பவன் சும்மா ஆள் இல்லை என்று எனக்குப் பட்டது. சாப்பாட்டு அறையில் எல்லோரும் முப்பது-முப்பது என்று சொல்லும்போது நான் மட்டும் முந்நூற்று எட்டு என்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அந்த ஆசைதான், மானும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

அந்த நாட்களில் என் மனைவியின் தம்பி, என் மச்சான், எங்களோடு இருந்தான். முப்பது வயது. வந்து ஒரு வருடம். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினான். அகதி விண்ணப்பம் போட்டிருந்தான், விசாரணை மாசி மாதத்தில் என்று திகதி வந்திருந்தது. அவனுடைய மனைவியும் மூன்று வயது மகளும் மன்னாரிலிருந்து படகேறி, தமிழ்நாட்டில் ஒரு முகாமில் இருந்தார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டால்தான் அவர்களைக் கூப்பிடலாம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்தச் சின்னவளுக்காக என் மனைவி ஒரு சூட்கேஸ் நிறையச் சட்டை வாங்கி அடுக்கி வைத்திருந்தாள். குளிர் சப்பாத்தும் இரண்டு சோடி. கோடையில் மலிவுக்கு வந்தது என்று வாங்கியது.

அவனுடைய விண்ணப்பப் படிவத்தை நிரப்பியது நான். அவன் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். ஊரில் கணக்குப் பாடத்துக்கு ரியூசன் கொடுத்தவன். இராணுவம், இயக்கம் இரண்டு பக்கத்தாலும் கரைச்சல். எந்தக் காலத்திலாவது ஆயுதம் தாங்கிய அமைப்பில் இருந்தீரா, பயிற்சி பெற்றீரா என்று ஒரு கேள்வி. வாசித்துச் சொன்னேன். “இல்லை எண்டு போடுங்கோ அத்தான்” என்றான். இல்லை என்று போட்டேன்.

புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் துவக்குக் கடைக்குப் போனேன். கடை லொங்குய்ய் பக்கம், பாலத்துக்கு அப்பால். தனியாகப் போக ஒரு மாதிரி இருந்தது. அவனுக்கு அன்று வேலை இல்லை. “வாவன் தம்பி, காத்து வாங்கிக்கொண்டு வரலாம்” என்று கூட்டிக்கொண்டு போனேன். துவக்குக் கடை என்று நான் சொல்லவில்லை. வாசலில் காரை நிறுத்திய பிறகுதான் பெயர்ப் பலகையைப் பார்த்தான். “நான் காருக்குள்ள இருக்கிறன் அத்தான்” என்றான். நான் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். ஒரு முப்பது-முப்பதையும் ஒரு முந்நூற்று எட்டையும் எடுத்து, லீவரைத் திறந்து உள்ளே ரவை இல்லை என்று காட்டிவிட்டு, மேசையில் போட்டிருந்த பச்சைத் துணியில் வைத்தார். பக்கத்தில் இரண்டு ரவைகளையும் நிறுத்தினார். ஒன்றின் மூக்கு தட்டை, மற்றதின் மூக்கு கூர். ஏன் ஒன்று மட்டும் தட்டை என்று நான் கேட்டேன். தமிழில்தான் கேட்டேன், எனக்கு நானே கேட்டதுபோல. பின்னாலிருந்து அவன் மெதுவாகச் சொன்னான்.

“இது குழாய்க்குள்ள ஒண்டுக்குப் பின்னால ஒண்டா நிக்குது அத்தான். கூர் எண்டால் முன்னால நிக்கிறதின்ர குண்டியில குத்தும். வெடிச்சிடும்.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் சுவரில் தொங்கிய மான் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு முந்நூற்று எட்டைக் கையில் எடுத்தேன். லீவரை மூடி, தோளில் வைத்து, வீரன்போல ஒரு சுற்றுச் சுற்றினேன். குழல் முனை கடைக்காரரைத் தாண்டி, தூண்டில் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு தகப்பனையும் பிள்ளையையும் நோக்கிப் போனது. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியுமுன் கீழேயிருந்து ஒரு கை வந்து குழலைக் கூரைப் பக்கம் திருப்பியது. அடுத்த நொடி துவக்கு என் கையில் இல்லை. அவன் கையில் இருந்தது. லீவரைத் திறந்தான், குனிந்து பார்த்தான், பார்த்தது போதாதென்று சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவினான், திறந்தபடியே துணியில் வைத்தான். இரண்டு மூச்சு விடும் நேரம்தான். அதன் பிறகுதான் தான் செய்தது அவனுக்கே விளங்கியது. கையை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

கடைக்காரர் புருவத்தை உயர்த்தி, “இவர் இராணுவத்தில் இருந்தவரா?” என்று என்னிடம் கேட்டார். “இல்லை, கோப்பை கழுவுபவர்” என்றேன். இருவரும் சிரித்தோம்.

எனக்கு ஏற்பட்ட சந்தோசப் புளுகம் இருக்கிறதே, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வீட்டில் இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டா நான் விளம்பரப் புத்தகம் படித்தேன் என்று நினைத்தேன். “அப்ப நீயே சொல்லு, எதை எடுக்கிறது?” என்று கேட்டேன். அவன் குரலைத் தாழ்த்தி, “முப்பது-முப்பது காணும். பத்தைக்குள்ளதானே சுடப்போறியள். மற்றது வேண்டாம். அது எங்கட பக்கத்துச் சண்டையில பாவிச்ச ஏழு அறுபத்திரண்டு ரவையின்ர தமையன். அந்தச் சத்தத்தை ஏன் திரும்பவும் கேப்பான்” என்றான்.

கேட்டுவிட்டு முந்நூற்று எட்டை எடுத்தேன். கியூபெக்காரர் சொன்னார், அவனும் சொன்னான், தெரிந்த இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள். அவர்கள் சொன்னதையே செய்தால் என்னுடைய எடுப்பு என்னாவது?

திரும்பி வரும்போது பாலத்தில் வாகன நெரிசல். அவன் தானாகவே சொன்னான். பத்தொன்பது வயதில் சந்தையால் வந்தவனை இயக்கக்காரர் வழியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்றரை வருடம். பிறகு ஓடி வந்து, மாமன் வீட்டில் ஒளிந்திருந்து, வேறு ஊருக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தான். “அக்காவுக்கும் தெரியாது” என்றான். “விண்ணப்பப் பாரத்தில இல்லை எண்டு போட்டிருக்கிறம். மாறி ஒரு சொல்லு வெளியில போனாலும் என்ர மனுசியும் பிள்ளையும் அங்கயேதான். இண்டைக்குக் கடையில நடந்ததை ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ அத்தான்.”

“சீ, என்ன கதை கதைக்கிறாய்? நான் சொல்லுவனே?” என்றேன். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னேன். அந்த நேரத்தில் என் தலையில் அடித்துச் சத்தியம் கேட்டிருந்தாலும் செய்திருப்பேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு தெரிந்தவர்களின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். பூசை முடிந்து கோவிலுக்குக் கீழே இருக்கிற மண்டபத்தில் சாப்பாடு. பெண்கள் பரிமாறிக்கொண்டிருந்தார்கள், என் மனைவி சோற்றுச் சட்டியோடு அடுத்த பக்கம் நின்றாள். மச்சான் வேலைக்குப் போயிருந்தான். எங்கள் மேசையில் ஆண்கள் எட்டுப் பேர், என்னையும் சேர்த்து. யாரோ என் துவக்கைப் பற்றித் தொடங்கினார்கள். எங்கள் ஆட்களுக்குப் பகிடி பண்ண ஒரு ஆள் கிடைத்தால் சோறு இரண்டு கோப்பை கூடுதலாக இறங்கும். “மான் உன்னைக் கண்டால் பாவம் எண்டு கிட்ட வரும்” என்றான் ஒருவன். “துவக்கைத் தூக்க ஒரு ஆள், சுட ஒரு ஆள், இவர் படமெடுக்கப் போறார்” என்றான் இன்னொருவன். கலிபர் முந்நூற்று எட்டு என்று நான் சொன்னேன். எதிர்பார்த்த மதிப்புக் கிடைக்கவில்லை. அதையும் எடுத்துச் சிரித்தார்கள். துவக்கு எந்தப் பக்கத்தால் சுடும் என்று தெரியுமோ என்று கேட்டார்கள்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். பகிடியைத் தாங்கத் தெரியாத ஆள் நான். “எனக்குத் தெரியாட்டி என்ன, என்ர வீட்டில தெரிஞ்ச ஆள் இருக்கு” என்று தொடங்கினேன். தொடங்கினால் என் வாய் பாதியில் நிற்காது. லொங்குய்ய் கடை, பச்சைத் துணி, கூரைப் பக்கம் திரும்பிய குழல், உள்ளே போன சுண்டுவிரல், வெள்ளைக்காரனின் புருவம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து நின்று நடித்தும் காட்டினேன். ஒரு கரண்டியைத் துவக்காகப் பிடித்துக்கொண்டேன். மேசை முழுக்கச் சிரித்தது. இந்தமுறை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நான் சொன்ன கதைக்குச் சிரித்தார்கள். பதினைந்து வருடமாக நான் காத்திருந்தது அதற்குத்தான்.

சிரித்து ஓய்ந்த பிறகு ஒருவர், யார் என்று இப்போது நினைவில்லை, “அப்ப ஆள் அங்க, இயக்கத்தில இருந்தவர் போல” என்றார்.

“பின்னே?” என்றேன் நான்.

இன்றைக்கும் சில நாட்களில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் அந்தச் சொல் வரும். அதைச் சொன்ன வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு சொல்லைத் திருப்பி விழுங்க முடியுமென்றால் என் ஆயுளில் பாதியைக் கொடுத்திருப்பேன்.

கார்த்திகையில் காட்டுக்குப் போனேன். செம்மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் கியூபெக்காரரோடு ஒரு மரத்தடியில் இருந்தேன். மான் ஐம்பது மீட்டரில் வந்து நின்றது. சுட்டேன். மானுக்குப் படவில்லை. ஆனால் அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் போய் இறங்கியது. யாழ்ப்பாணத்தில் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்து கேட்ட அதே சத்தம். பனியில் அப்படியே குந்திவிட்டேன். கியூபெக்காரர் துவக்கை வாங்கி, ரவைகளை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். “முப்பது-முப்பது என்று சொன்னேனே” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அந்தத் துவக்கை நான் சுடவில்லை. அடுத்த கோடையில் கொண்டுபோய் அதே கடையில் விற்றுவிட்டேன்.

தை மாதத்தில் மச்சானின் வழக்கறிஞர் எங்களை அவசரமாக வரச் சொன்னார். நான், மனைவி, அவன் மூன்று பேரும் போனோம். வழக்கறிஞர் ஒரு பெண். ஒரு கடதாசியை மேசையில் வைத்தார். குடிவரவுத் திணைக்களத்துக்கு வந்த மொட்டைக் கடிதத்தின் பிரதி. பெயர் இல்லை, கையெழுத்து இல்லை, தமிழில் எழுதியிருந்தது. அவர்கள் செய்த மொழிபெயர்ப்பும் கூட இருந்தது. ஆனால் அது சரியா என்று பார்க்க வேண்டும், நீங்களே வாசித்து ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்று என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளன் எப்போதும் நான்தானே.

வாசித்தேன். இந்த ஆள் ரியூசன் வாத்தியார் இல்லை, ஆயுதப் பயிற்சி எடுத்தவர். லொங்குய்யில் ஒரு துவக்குக் கடையில் லீவர் துவக்கை ஒருவரின் கையிலிருந்து பறித்து, குழலைக் கூரைப் பக்கம் திருப்பி, சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தவர். வெள்ளைக்காரக் கடைக்காரரே, இவர் இராணுவமா என்று கேட்டவர். எல்லாம் என் வசனம். நான் எந்த ஒழுங்கில் சொன்னேனோ அதே ஒழுங்கு. நடிப்பு மட்டும்தான் இல்லை. ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. வழக்கறிஞர் எழுதிக்கொண்டார்.

என் மனைவிக்கு ஆங்கிலம் போதாது. நான் முடித்த பிறகு கடிதத்தை வாங்கித் தமிழில் தானே வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதிலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. என்னைத்தான் கேட்டாள்.

“கடைக்குப் போனது நீங்கள் ரெண்டு பேர். இதைக் கண்டது ஆர்?”

சொல்லியிருக்கலாம். அந்த அறையில், அந்த நாற்காலியில் இருந்து, நான்தான் உளறினேன் என்று சொல்லியிருக்கலாம். “கடைக்குள்ள ஒரு தமிழாள் நிண்ட மாதிரி இருந்தது” என்றேன்.

அவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். கோபம் இல்லை. பிறகு அக்காவின் பக்கம் திரும்பினான்.

“ஓம் அக்கா. ஒராள் நிண்டவர். நீலக் கோட் போட்டிருந்தவர். நானும் பாத்தனான்” என்றான்.

விசாரணையில் அவனிடம் கேட்டார்கள். வேதாகமத்தில் கை வைத்தபடி இன்னொரு பொய் சொல்ல அவனால் முடியவில்லை. ஓம் என்று சொன்னான். ஒன்றரை வருடத்தையும் சொன்னான். இழுத்துக்கொண்டு போனார்கள் என்றும் சொன்னான். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. திருப்பி அனுப்பவும் இல்லை. இருக்கலாம், வேலை செய்யலாம், மாதம் ஒருமுறை போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். குடும்பத்தைக் கூப்பிட முடியாது. மேன்முறையீடு, கருணை மனு என்று வழக்கறிஞர் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். ஒவ்வொன்றும் வருடக் கணக்கில் கிடந்தது.

கடிதத்தை எழுதியது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மேசையில் இருந்த ஏழு பேரையும் மாறி மாறிச் சந்தேகப்பட்டேன். பூசையில் அவர்களுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இவனாக இருக்குமோ, அவனாக இருக்குமோ. அவர்களும் ஆளுக்கு ஆள் மற்றவனை நினைத்திருப்பார்கள். அதனால்தான் அந்தப் பகிடியை எவனும் என் மனைவியின் காதுவரை கொண்டு வரவில்லை. ஏழு பேரில் ஒருவன் கடிதம் எழுதினான். எட்டாமவன்தான் எழுதுவதற்கு விஷயம் கொடுத்தவன். அவனைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை.

கையெழுத்து வைக்கும் நாட்களில் நான்தான் அவனைக் காரில் கொண்டுபோவேன். ஒரு நாள், நிராகரித்து ஒரு வருடம் இருக்கும், திரும்பி வரும் வழியில் ரொக்ஸ்பரோப் பக்கம் ரயில் கடவையில் நிற்கவேண்டி வந்தது. தடை மரம் விழுந்திருந்தது. ரயில் இன்னும் வரவில்லை. “தம்பி, அது நான்தான்” என்றேன்.

“தெரியும் அத்தான்” என்றான். “கடையில தமிழர் எண்டு நாங்கள் ரெண்டு பேர்தானே.”

“அக்காவிட்ட இண்டைக்குச் சொல்லப்போறன். எனக்கு ஏலாது. தினமும் அவள் அந்த நீலக் கோட்காரனைத் திட்டுறதைக் கேட்டுக்கொண்டு என்னால இருக்க ஏலாது.”

ரயில் வந்தது. பெட்டிகள் எல்லாம் போய் முடிந்தன. “சொல்லாதேங்கோ” என்றான் பிறகு. “சொன்னால் அவ உங்களோட இருக்கமாட்டா. எனக்கு அவவைத் தெரியும். பேந்து நான் எங்க போறது? எனக்கு இஞ்ச இருக்கிறது அந்த ஒரு வீடுதான்.”

நான் அழுதேன். பின்னால் நின்ற கார்க்காரர் ஹோர்ன் அடித்தார். மரம் எழும்பி எவ்வளவு நேரமோ தெரியாது. மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

சூட்கேசில் இருந்த சட்டைகளை என் மனைவி இரண்டு தரம் யாருக்கோ கொடுத்துவிட்டு, பெரிய அளவில் திரும்ப வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசையால் வந்ததும் மச்சான் போன் கார்ட்டைச் சுரண்டி முகாமுக்கு எடுப்பான். முதலில் மனைவியோடு, பிறகு மகளோடு. ஆரம்பத்தில் அவள் “அப்பா எப்ப வருவீங்கள்?” என்று கேட்பது எனக்கும் கேட்கும். அப்படிக் கத்துவாள். வருடம் போகப் போக அந்தக் கேள்வி நின்றது. அவளுடைய தமிழும் மாறியது. முகாமுக்கு வெளியே இருந்த பள்ளிக்கூடத்துத் தமிழ் அது. பத்து வயதில் எங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு பெரிய மனுஷிபோலப் பேசினாள். அவன் பாதியில் சொல் தெரியாமல் நிற்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கதைத்துக்கொண்டிருந்தவன், “உங்களோட கதைக்க வேணுமாம்” என்று போனை என்னிடம் நீட்டினான். மகள் என்னோடு அதுவரை இரண்டு வார்த்தைக்கு மேல் கதைத்ததில்லை. அவன் எனக்கு எதிரே இருந்தான். என் மனைவி குசினி வாசலில் கரண்டியோடு நின்று சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, ஒண்ணு கேக்கவா? அப்பா காதுல விழாம சொல்லுங்க” என்றாள். “இங்க எல்லாரோட அப்பாவும் வெளிநாட்டுல இருந்து கூப்பிட்டுக்கிட்டாங்க. எங்க அப்பா மட்டும் கூப்பிடல. அப்பா அங்க என்ன தப்பு பண்ணாரு?”

“அப்பா ஒரு பிழையும் செய்யேல்லை அம்மா” என்றேன்.

“அப்ப யாரு பண்ணாங்க?”

லைன் துல்லியமாக இருந்தது. அவளுக்குப் பின்னால் யாரோ தண்ணீர்க் குடத்தை வைக்கிற சத்தம்கூடக் கேட்டது. “ஹலோ, ஹலோ” என்றேன். “விட்டு விட்டு வருது அம்மா, மாமாவுக்கு ஒண்டும் கேக்கேல்லை” என்று சொல்லி, போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன்.